அல்லித்தாங்கல் நீர்மட்டம்

அல்லித்தாங்கல் பேருந்து நிலையத்தில், மூன்றாம் மேடைக்கும் நான்காம் மேடைக்கும் நடுவில், இரண்டாள் உயரத்துக்கு ஒரு கருங்கல் தூண் நின்றது. அதன் முகத்தில் அடியிலிருந்து நுனிவரை மீட்டரும் சென்டிமீட்டருமாகக் கோடு போட்ட வெள்ளைத் தகடு பதித்திருந்தது. ஊருக்குப் பேர் கொடுத்த தாங்கலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பதற்காக முன்னொரு காலத்தில் நட்ட தூண் அது. தாங்கலைத் தூர்த்துக் கான்கிரீட் போட்டு, பேருந்துகளை உள்ளே விட்டு, கரையைச் சுற்றுச்சாலை ஆக்கி, மதகு இருந்த மூலையில் கட்டணக் கழிப்பிடம் கட்டிய பிறகும் தூண் நின்றது. தூணைப் பார்க்கிற வேலையும் நிலைத்து நின்றது. ஏனென்றால், ஏரிகளின் பட்டியலிலிருந்து தாங்கலை நீக்கியவர்கள், பணியிடங்களின் பட்டியலிலிருந்து அதன் நீர்மட்டம் பார்ப்பவரை நீக்க மறந்துபோனார்கள். அது வேறு பட்டியல், வேறு மேசை, வேறு மாடி.

அந்த வேலைக்குத்தான், எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு மூன்று வருடம் வீட்டில் இருந்த தமயந்தி, எண்பத்தொன்பது நாளைக்கு நியமிக்கப்பட்டாள். தொண்ணூறு நாள் ஒருவரை வைத்திருந்தால் அவர் நிரந்தரம் கேட்டுவிடுவார் என்பதால் எல்லாத் தற்காலிகப் பணிகளும் எண்பத்தொன்பதில் முடியும். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு என்று மூன்று வேளை அவள் தூணைப் பார்க்க வேண்டும். பார்த்ததை உரக்க மூன்று முறை சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதிய பிறகு கைபேசியில் அலுவலகத்துக்கு ஏற்ற வேண்டும். மூன்று முறை சொல்வது பழைய விதி. முன்பெல்லாம் தண்ணீரில் இறங்கிப் பார்ப்பவர் ஒருவர், கரையில் உட்கார்ந்து எழுதுபவர் இன்னொருவர். காற்றில் ஒரு தடவை தவறினாலும் இன்னொரு தடவை காதில் விழட்டும் என்று வைத்த விதி. இப்போது பார்ப்பவளும் எழுதுபவளும் அவளே. ஆனாலும் நியமன ஆணையில் அந்த வரி இருந்தது.

தமயந்தி கல்லூரியில் ஐந்து வருடம் வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன்’ சொன்னதுகூடப் பக்கத்து பெஞ்சுக்குக் கேட்டதில்லை. அவள் ஆயிரம் பேர் போகிற இடத்தில், தூணைப் பார்த்தபடி, “பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்” என்று தன் துப்பட்டாவுக்குச் சொல்லுவதுபோலச் சொல்லிவிட்டு, பதிவேட்டில் பூஜ்யம் எழுதிவிட்டு, தூணடியில் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் மாலை ஆறு மணிவரை உட்கார்ந்திருப்பாள். வீட்டில் அம்மாவிடம், அளவு பார்க்கிற வேலை என்று சொல்லியிருந்தாள். எதன் அளவு என்று அம்மா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“பூஜ்யம் மேடம், இன்னிக்கு எவ்ளோ?” என்று மூன்றாம் மேடையிலிருந்து ஒரு குரல் தினமும் கேட்கும். அது லூர்து. பேருந்துகளில் ஏறிச் சீப்பு, ஊக்கு, ரேஷன் கார்டு உறை, காது குடையும் பஞ்சுக்குச்சி விற்கிறவர். நாற்பது வயது இருக்கும். பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. ஊரில் யாருக்கும் கேட்காத அவள் குரல் அவருக்கு மட்டும் கேட்கும்.

“அதான் சொன்னேனே அண்ணா.”

“மூணாவது தடவை சொன்னது கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. தண்ணி எறங்கிடுச்சோன்னு நெனச்சேன்.”

லூர்து சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குப் பதினான்காம் எண் பேருந்தில் கரடிப்பட்டுக்குப் போவார். அந்த ஊருக்கு அதுதான் கடைசிப் பேருந்து. எந்த மேடையில் வந்து நின்றாலும், நடத்துநர் தனகோட்டி படியில் தொங்கிக்கொண்டு “கரடிப்பட்டு, கரடிப்பட்டு, பதினாலேய்” என்று கூவுகிற கூவலைப் பிடித்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து நடப்பவர்போல நேராக நடந்துபோய் ஏறிவிடுவார். யாராவது கையைப் பிடிக்க வந்தால் உதறிவிடுவார்.

முப்பத்தெட்டாம் நாள் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் வந்திருந்தது.

மழை இல்லை, குழாய் உடைப்பு இல்லை. இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர், பேருந்து நிலையம் முழுவதும், சுற்றுச்சாலைச் சரிவு தொடங்குகிற இடம்வரை, பழைய தாங்கல் எங்கெல்லாம் கிடந்ததோ அங்கெல்லாம் கிடந்தது. அது யாரையும் நனைக்கவில்லை. காலை விட்டால் சில்லென்று இருந்தது, எடுத்தால் காய்ந்திருந்தது. மேல்மட்டம் எங்கே முடிகிறது என்பது தோலுக்குத் தெரிந்தது, துணிக்குத் தெரியவில்லை. செருப்புகளுக்கு இடையில் அயிரை மீன்கள் ஓடின. டீக்கடை பஷீர் பாய் வாசலில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர், துடைப்பத்தை நிறுத்திப் பார்த்தார், பிறகு தண்ணீரோடு சேர்த்துக் கூட்டினார்.

தமயந்தி குனிந்து தகட்டைப் பார்த்தாள். மூன்று சென்டிமீட்டர். முப்பத்தேழு நாளில் முதல் முறையாகப் பார்ப்பதற்கு ஏதோ இருந்தது. “பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று” என்று மூன்று முறை சொன்னாள். மூன்றாம் முறை குரல் கொஞ்சம் எழும்பியது. பதிவேட்டில் எழுதினாள். கைபேசியில் ஏற்றப் போனபோது, எண் போடுகிற கட்டம் மூன்றை வாங்கவில்லை. ஒன்றையும் வாங்கவில்லை, ஒன்பதையும் வாங்கவில்லை. பூஜ்யத்தை மட்டும் வாங்கியது.

உதவிப் பொறியாளர் குணசீலனுக்குப் போன் செய்தாள். அவர் நல்ல மனிதர், யார் பேசினாலும் முழுதாகக் கேட்பார். கேட்டுவிட்டு, “கட்டம் எதை வாங்குதோ அதைப் போடும்மா” என்றார்.

தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை ஏறியது. கணுக்கால் வந்தது, கெண்டைக்கால் வந்தது, முழங்கால் வந்தது. முதல் வாரம் பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்து நடந்தார்கள். நனையாது என்று தெரிந்த பிறகும் சிலர் தூக்கிப் பிடித்தார்கள், தண்ணீரில் நடந்தால் அப்படித்தானே நடப்பது என்று. பஷீர் பாய் அடுப்பைச் செங்கல் வைத்து உயர்த்தினார், உயர்த்தத் தேவையே இல்லை, தீ தண்ணீருக்குள்ளும் எரிந்தது. பேருந்து வரும்போது ஓர் அலை முன்னால் வந்தது, அதை வைத்து எந்த வண்டி என்று டிரைவர்கள் பந்தயம் கட்டினார்கள். கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு அல்லிக் கொடிகள் கிளம்பி, தண்ணீர் ஏற ஏறத் தாமும் ஏறின. பூக்காரிகள் அல்லியைப் பறித்து மேலே தூக்கினால் கையில் தண்டுமில்லை பூவுமில்லை என்பதால், இது வியாபாரத்துக்கு ஆகாத பூ என்று விட்டுவிட்டார்கள். ஊர் இரண்டு மாதத்தில் எதற்கும் பழகிவிடும். அல்லித்தாங்கல் பத்து நாளில் பழகிவிட்டது.

சத்தம் போவதை முதலில் கண்டுபிடித்தவர் லூர்துதான்.

“மேடம், நம்ம ஊர்ப் பொண்ணுங்கல்லாம் கொலுசைக் கழட்டிட்டாங்களா?”

“இல்லையே அண்ணா, போட்டுட்டுத்தான் போறாங்க.”

“கேக்கலையே. ரெண்டு வாரமா ஒரு கொலுசுகூடக் கேக்கல. அந்தக் கறுப்பு நாயி?”

தமயந்தி திரும்பிப் பார்த்தாள். கழுத்துவரை தண்ணீரில் நின்ற நாய், யாரையோ பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கியபோது குரைப்பு வந்தது, தாழ்த்தியபோது வாய் மட்டும் திறந்து மூடியது. தண்ணீருக்குள் மூச்சு விடலாம், நடக்கலாம், சாப்பிடலாம். சத்தம் மட்டும் இல்லை.

லூர்து தடுப்புக் கம்பியைத் தடவிக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத்தில் உயரம் அளக்க நிற்கிற பையனைப்போல, தூணில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து நின்றார்.

“என் காது எங்க வருதுன்னு பாரு.”

அவள் எட்டிப் பார்த்தாள். “ஒண்ணு ஐம்பத்தெட்டு.”

“தண்ணி?”

“எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.”

“கணக்குப் படிச்ச பொண்ணுதானே, எத்தனை நாளு?”

அவளுக்குக் கேட்பதற்கு முன்பே விடை தெரிந்திருந்தது. இருபத்திரண்டு நாள், இருபத்திமூன்று நாள். “உன்னோட காது எங்க வருது?” என்றார் லூர்து. ஒன்று நாற்பத்தொன்று. “அப்ப நீ எனக்கு முன்னாடி போயிடுவ” என்று சிரித்தார்.

அன்றிலிருந்து அவள் மூன்று வேளையும் சொல்லுகிற எண், அவளுக்கு வெறும் எண்ணாக இல்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது தவழும் குழந்தைகளும் நடக்கும் குழந்தைகளும் ஓய்ந்தன. தாய்மார்கள் பதறிப்போய்த் தோளில் தூக்கிவைத்து அழவைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் போன பிறகு, ரொம்ப அழுகிறதே என்று கீழே இறக்கிவிட்டார்கள். வண்டிகளின் ஹாரன் முங்கியது, அதற்காக எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். புறக்காவல் நிலையத்து மேசை தாழ்வாக இருந்ததால் உட்கார்ந்து புகார் சொல்பவர்களின் சத்தம் முங்கியது. அதற்குக் காவலர்கள் வருத்தப்படவில்லை. பேரம் பேசுகிறவர்கள் பெஞ்சுமேல் ஏறி நின்று பேசினார்கள். மாமியாரோடு ஊருக்குப் போகிற மருமகள்கள் கீழேயே நின்றுகொண்டார்கள்.

“பாய், மேல சொல்லலாம்ல? எல்லாருமாச் சேந்து ஒரு மனு குடுத்தா மதகத் தொறப்பாங்க” என்று தமயந்தி ஒரு நாள் பெஞ்சுமேல் ஏறிக் கேட்டாள். அவளுக்கு அது மிகவும் நீளமான பேச்சு.

பஷீர் பாய் வடிகட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார். “தண்ணின்னு எழுதிட்டா இது ஏரிம்மா. ஏரின்னு ஆயிடுச்சுன்னா நாங்க ஆக்கிரமிப்பு. எரநூறு கடை. நனைக்கல, கடிக்கல. சத்தம்தானே போவுது, போவட்டும். டீ குடிக்கச் சத்தம் எதுக்கு?”

எழுபத்தாறாம் நாள் தமயந்தியின் குரல் முங்கியது. கூட்டத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் தன் இரும்பு நாற்காலிமேல் ஏறி நின்று அளவைச் சொல்ல ஆரம்பித்தாள், மேலே நின்று சொன்னதால் தானாகவே கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். லூர்து மட்டும் கை தூக்கி, கேட்டது என்று காட்டினார். எண்பதாம் நாள் அளவு ஒன்று ஐம்பத்தெட்டைத் தாண்டியது. பஷீர் பாய் ஒரு சோடாப் பெட்டி கொடுத்தார். லூர்து அதன்மேல் நின்று ஐந்து நாற்பதுக்குத் தனகோட்டியின் கூவலைப் பிடித்து, இறங்கி, கூவல் அறுந்துபோன தண்ணீருக்குள் திசையை மனதில் வைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினார்.

மறுநாள் பகல் அளவு முடிந்ததும் தமயந்தி பதிவேட்டை எடுத்துக்கொண்டு கோட்ட அலுவலகத்துக்குப் போனாள். குணசீலன் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நாற்பத்து நான்கு நாளின் எண்கள், நூல் பிடித்ததுபோன்ற அவள் கையெழுத்தில்.

“நேத்து நானும் அந்தப் பக்கமாத்தான் வந்தேன். இருக்கு, இல்லைன்னு சொல்லல” என்றார்.

“மதகைத் திறந்தா போதும் சார். கழிப்பிடத்துக்குப் பின்னால சக்கரம் இருக்கு, பாத்தேன். சிமெண்ட் பூசியிருக்கு, அவ்வளவுதான்.”

“திறக்க உத்தரவு போடணும். உத்தரவு போட, ஏரி பட்டியல்ல இருக்கணும். ஏரியைப் பட்டியல்ல சேக்க, தண்ணி இருக்குன்னு அளவு வேணும்.”

“அளவு இதோ இருக்கே சார்.”

“பட்டியல்ல இல்லாத ஏரிக்கு அளவு எப்படிம்மா எடுத்துக்க முடியும்?” அவர் அதைக் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளிடம் பதில் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்போலக் கேட்டார். பிறகு பதிவேட்டை மூடி, இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். “நான் இதைப் பாக்கலை. எட்டு நாள்தானே இருக்கு உனக்கு? நிம்மதியா முடிச்சிட்டுப் போ.”

அவள் அங்கிருந்து திரும்ப இருட்டிவிட்டது, நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று ஐந்தரை மணிக்கு யாரோ ஒரு பெண், தொலைந்துபோன புருஷனைக் கூப்பிடுவதற்காக லூர்துவின் சோடாப் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் நின்று கூப்பிட்டு, அவன் கிடைத்த சந்தோஷத்தில் பெட்டியை அங்கேயே விட்டுப் போயிருந்தாள். அதிகாலையில் கடை திறக்க வந்த பஷீர் பாய்தான் பார்த்தார்: மூன்றாம் மேடையில் லூர்து அப்படியே நின்றார், தோளில் சீப்பு அட்டை, ஒரு கை தலைக்கு மேலே தண்ணீருக்கு வெளியே நீட்டியபடி.

“பஸ் லேட்டுன்னு நெனச்சேன்” என்றார் லூர்து, பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியதும். “எது போச்சு, எது வந்துச்சு, ராத்திரியா பகலா, ஒண்ணும் தெரியல. உள்ள அவ்ளோ சுத்தமா இருக்கு.” சிரித்தார். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அதற்குப் பிறகு அவர் தமயந்தியின் கையை உதறவில்லை. ஐந்து முப்பத்தைந்துக்கு அவள் அவருடைய முழங்கையைப் பிடிப்பாள். பதினான்கு எந்த மேடைக்கு வருகிறதோ அங்கே நடத்திக்கொண்டு போவாள். இரண்டு பேரும் தண்ணீருக்குள் ஒரு வார்த்தையும் இல்லாமல், அல்லித் தண்டுகளை விலக்கிக்கொண்டு, மற்றவர்களின் வாயசைவுகளுக்கு நடுவே நடப்பார்கள். படியேறியதும் அவர் தலை தண்ணீருக்கு மேலே போகும், அவர் திரும்பி ஏதோ சொல்வார், அவளுக்குக் கேட்காது. அவள் கீழே நின்று ஏதோ சொல்வாள், அவருக்குக் கேட்காது. படித்த படிப்புக்கு இதுதான் வேலையா என்று அவளுக்கு அந்த எட்டு நாளும் தோன்றவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக அவள் மீதிப் பொழுதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அது நியமன ஆணையில் இல்லாத வேலை.

எண்பத்தொன்பதாம் நாள் அளவு ஒன்று தொண்ணூற்றிரண்டு. மாலை நான்கு மணி அளவை எழுதி முடித்ததும், அலுவலக உதவியாளர் ஒருவர் வந்து பதிவேட்டையும் கைபேசியையும் நாற்காலியையும் வாங்கிக்கொண்டார். அடுத்த ஆள் எப்போது என்று பஷீர் பாயின் பெஞ்சுமேல் இழுத்துப்போய் நிறுத்திக் கேட்டாள். “போடுவாங்க. ஒரு நாள்லயும் போடலாம், ஒரு வருஷத்துலயும் போடலாம்” என்றார் அவர்.

லூர்துவைப் பேருந்தில் ஏற்றிவிட முடியுமா என்று பாயிடம் கேட்டாள். “அஞ்சரைக்குத்தாம்மா கூட்டம். பாலு பொங்கி வர்ற நேரம், அடுப்ப விட்டு எப்படி வருவேன்? முடிஞ்ச அன்னிக்குக் கண்டிப்பாப் பாக்கறேன்” என்றார், பொய் இல்லாமல். பதினான்கு வந்ததும், முதல் முறையாக லூர்துவோடு தானும் படியேறித் தனகோட்டியிடம் கேட்டாள். “மூணு நிமிஷந்தான் நிப்பாட்டறாங்க. எறங்கிப்போயி ஒருத்தரைத் தேடினா என் சீட்டக் கிழிச்சிடுவாங்க. அவரு வண்டிகிட்ட வந்துட்டாருன்னா தூக்கியே உக்கார வெச்சிடுவேன்” என்றார் தனகோட்டி. யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கரடிப்பட்டிலேயே இருந்துவிடலாமே என்று லூர்துவிடம் யாரோ சீட்டிலிருந்து சொன்னதற்கு, “அங்க எந்த பஸ்ஸு வருது, சீப்பு விக்க?” என்றார் அவர்.

இரண்டு பேரும் ஒரே உயரத்தில், தண்ணீருக்கு மேலே, கம்பியைப் பிடித்து நின்றார்கள். எட்டு நாளில் முதல் முறையாகப் பேசிக்கொள்ள முடிந்தது. வண்டிக்குள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு யாரு?” என்று லூர்து கேட்டார்.

“தெரியல அண்ணா.”

“கேக்கலை.”

“தெரியல.”

“கொசு மாதிரிப் பேசாத. இத்தனை நாளு கத்திக் கத்திச் சொன்னியே, அந்த மாதிரிச் சொல்லு.”

“தெரியல!” என்று தமயந்தி கத்தினாள். வண்டியே திரும்பிப் பார்த்தது. லூர்து கை தூக்கினார், கேட்டது என்று. அவள் பதிவேட்டில் எழுதப்போகும் முன் அவர் தூக்குவது போலவே.

தொண்ணூறாம் நாள் அவளுக்கு அங்கே வேலை இல்லை. காலை எட்டு மணிக்கு வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், பன்னிரண்டுக்கு அம்மாவோடு சாப்பிட்டாள், நான்கு மணிக்கு எழுந்து முகம் கழுவினாள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி, அறுபது பெட்டி, எண்ணிக்கொண்டே நின்றாள். சுற்றுச்சாலைக்கு வந்து சேர்ந்தபோது ஐந்து நாற்பத்தொன்று.

மேலேயிருந்து பார்த்தால் பேருந்து நிலையம் பழைய தாங்கலாகவே இருந்தது. தண்ணீர், இலை, அல்லி, நடுவில் தூணின் தலை, நகர்கிற பேருந்துகளின் மேல்பாதி. தண்ணீரைத் துளைத்துக்கொண்டு கைகள். வண்டியை நிறுத்துகிற கைகள், ஆளைக் கூப்பிடுகிற கைகள், விரல் சொடுக்கிச் சத்தம் காட்டுகிற கைகள். மூன்றாம் மேடையில் ஒரு கை மட்டும் யாரையும் கூப்பிடாமல், விரல்களை விரித்து, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தது. ஒரு கை கேட்பதற்கு முயற்சி செய்வதுபோல இருந்தது அது. பதினான்கு, ஆறாம் மேடையில் நின்றிருந்தது.

“அண்ணா! ஆறாவது மேடை!” என்று தமயந்தி சரிவின் உச்சியில் நின்று கத்தினாள். “ஆறாவது மேடை! ஆறாவது மேடை!” குரல் தண்ணீரின் முகத்தில் பட்டு வழுக்கிக்கொண்டு அக்கரைவரை போனது. அக்கரையில் பஞ்சர் கடைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், டவுன் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய குரலா என்று அவளைத் தெரிந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். தண்ணீருக்குள் இருந்தவர்கள் யாரும் திரும்பவில்லை.

பதினான்கு கிளம்பியது. சரிவில் ஏறி அவளைக் கடந்தபோது, படியில் நின்ற தனகோட்டி அவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், விசிலை வாயிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்துக்கொண்டார்.

அவள் கத்திக்கொண்டே சரிவில் இறங்கினாள். அவள் கொலுசின் சத்தம் நின்றது. முழங்கால், இடுப்பு, மார்பு. “அண்ணா, நான் வர்றேன், அங்கேயே” என்பதுவரை பஞ்சர் கடைக்குக் கேட்டது, மீதி கேட்கவில்லை. அவள் நிறுத்தவில்லை, வாயைத் திறந்து மூடிக்கொண்டே நடந்தாள், கூட்டத்தை விலக்கி, அயிரைகளை விலக்கி, தூணைத் தாண்டி, மூன்றாம் மேடைக்கு.

தண்ணீருக்கு மேலே நீண்டிருந்த கையை எட்டிப் பிடித்து, மெல்லக் கீழே இறக்கினாள். லூர்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார், பேனா பிடித்துத் தடித்துப்போன இடத்துக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. உடனே ஏதோ கேட்டார். எந்த மேடை என்று கேட்டாரோ, இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டாரோ. அவள் பதில் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். அவர் சிரித்து, நடக்கலாம் என்பதுபோல அவள் பக்கம் முழங்கையை நீட்டினார்.

அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல், நின்றாள்.